தாய்மாமன் மடிக்கு ஒரு விரால்

என் தம்பி மீது எனக்குப் பகை விழுந்தது என் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில். சொத்துத் தகராறு இல்லை, வேலித் தகராறும் இல்லை. ஒரு வாளி விரால் மீனும் அவன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு பேச்சும்தான் காரணம். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். சித்திரை பிறந்தால் எங்களுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று படகையெல்லாம் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆனி பிறக்கும்வரை வலை தைப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, வீட்டில் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. அந்த நேரம் பார்த்து நிச்சயதார்த்தம் வைத்தது என் புத்தி. சம்பந்தி வீட்டார் பொன்னேரிப் பக்கம். கடல்காரர் வீடு, மீன் விருந்து ஜோராக இருக்கும் என்று வேட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஐஸ் மீன்தான் கிடைத்தது. அதை அடுப்பில் ஏற்றியதும் அக்கம்பக்கத்து நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. வாளிக்கு மூடி, மூடிக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு.

“மீனுக்கு இன்னாத்துக்குடா மூடி? எய்ந்து ஓடிப் போயிருமா?” என்று நான்தான் முதலில் கேலியாகக் கேட்டேன். அவன் கயிற்றை அவிழ்த்தான். மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்பாக, கை கனத்துக்கு விரால்கள் நெளிந்தன. பெண்கள் கூட்டமே ஓடி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் குழம்பு இலைக்கு வந்தது. சம்பந்தி விரலைச் சூப்பிக்கொண்டே, “எந்தக் கடல் மீனுங்க இது?” என்று கேட்டார்.

தம்பி பந்தியின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “கடலாவது ஒண்ணாவது! கடல்காரர் வூட்ல மீனு வோணும்னாலும் ஏரிக்காரன்தான் வரணும் போல கீது!”

பந்தியே சிரித்தது. சம்பந்திக்குப் புரையேறியது. அதெல்லாம் போகட்டும். சமையல்கட்டு வாசலில் புதுப்புடவையோடு நின்றிருந்த என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவன் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் மூத்தவன், நடுவில் தங்கை, கடைசியில் இவன். பதினெட்டு வயதில் இவனை என் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். இரண்டாவது முறையும் அதேதான். அதற்குப் பிறகு மணலியில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த நாளில் செங்குன்றத்தைத் தாண்டி ஒரு பெரிய ஏரிக்குப் போய், பளபளப்பான குச்சியும் சக்கரமும் வைத்துக்கொண்டு தூண்டில் போடுவான். பொழுதுபோகாத ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பொழுதுபோக்கு ஒரு நாள் என் வீட்டுப் பந்தியில் வந்து என் முகத்தில் கரி பூசும் என்று நினைக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவனோடு பேச்சை நிறுத்தினேன். திருவொற்றியூரில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. ஒருவனோடு பேசாமல் இருப்பதற்கு அதைவிட வசதியான தூரம் கிடையாது. அவன் பைக் நிறுத்துகிற இடத்தில் பழைய வலை மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவன் மனைவி துணி காயப்போடுகிற நாளாகப் பார்த்துக் காற்று வரும் பக்கத்தில் கருவாட்டைப் பரப்பினேன். மகள் கல்யாணத்தில் அவனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தேன். எதற்கும் அவன் கோபப்படவில்லை. மூட்டையை நகர்த்தினான், துணியை மாடிக்குக் கொண்டுபோனான், கடைசிப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்தான். அடிக்கிற அடி எதுவும் அவன் மேல் விழவில்லை என்று தெரிந்தபோது எனக்கு வெறி இன்னும் ஏறியது.

அடுத்த தடைக்காலமும் வந்தது. தங்கை தன் குழந்தைக்குக் காது குத்து வைத்தாள்.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அது. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்றாள். அவளுக்கு வலி எடுத்த அன்று நான் ஆந்திராப் பக்கம் கடலில் இருந்தேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் தம்பி. குழந்தையை முதலில் கையில் வாங்கியவனும் அவன்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை. இப்போது காது குத்து. மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி கம்பியைக் குத்துவார். மடி கொடுக்கிற மாமனுக்குத்தான் அன்றைக்கு மரியாதை, மாலை, முதல் இலை எல்லாம். மூத்தவன் நான் இருக்கும்போது அந்தக் குழந்தை இளையவன் மடியில் உட்கார்ந்தால், எங்கள் தெருவில் நான் தலையை நிமிர்த்தி நடக்க முடியாது. எனக்கு அந்த மடி வேண்டும். அந்தக் குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நாள் குறிக்கத் தங்கை எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். நான் ஒரு மூலை, அவன் ஒரு மூலை. குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

“ஒரு காது ஒங்க மடியில, இன்னொரு காது அவரு மடியில குத்திட்டா போச்சு” என்றாள் என் மனைவி. நான் பார்த்த பார்வையில் காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.

தங்கைக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இன்னாண்ணா ஒங்களோட பேஜாரு! ஒரு கொயந்த, ரெண்டு மாமனுங்க. வருசமா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறீங்க. அன்னிக்கி விருந்துக்கு மீனுக்கே வழியில்ல, இதுல மடிக்குச் சண்ட. எவன் நல்ல விராலா கொண்டாரானோ அவன் மடியில குந்த வெக்கிறேன். போங்க ரெண்டு பேரும்!”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். தம்பி சிரித்தான். “அப்போ எம்மடிதான்” என்று தொடையைத் தட்டிக் காட்டினான். தட்டின சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். அவன் ஏரியில், அவன் மீனை, அவனைவிடப் பெரிதாகப் பிடித்து அவன் கண்ணெதிரே போட வேண்டும்.

மறுநாளே ஏரிக்குப் போனேன். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் புகுந்து, மாதவரம் தாண்டி, செங்குன்றம் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் கரையில் நின்றேன். அலையில்லாத தண்ணீர் எனக்குப் பிடிக்காது. அது என்ன நினைக்கிறது என்றே தெரியாது. உப்பு வாசனையும் இல்லை. கடலில் போடுகிற மாதிரி தூண்டில் முள்ளில் இறால் கோத்து, கனமான ஈயத்தைக் கட்டி எறிந்தேன். ஈயம் சேற்றில் புதைந்துகொண்டது. இழுத்தால் ஆகாயத்தாமரை வந்தது. இன்னொரு முறை பழைய செருப்பு வந்தது. பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் செருப்புக்கு ஜோடி வேண்டுமா என்று கேட்டார். அவர் முகத்தையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

அதனால் தம்பியின் லீவு நாளில் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். கரை மேட்டுக்குப் பின்னால் கோரைப்புல்லுக்குள் குந்திக்கொண்டு பார்த்தேன். சொந்தத் தம்பியை வேவு பார்க்கிறோமே என்று ஒரு துளிகூடக் கூச்சம் இல்லை. அவன் இரையே போடவில்லை. ரப்பரில் செய்த ஒரு தவளையை இலைகளுக்கு மேல் எறிந்து தத்தித் தத்தி இழுத்தான். ஓரிடத்தில் தண்ணீர் வெடித்தது, விரால் மாட்டியது. ஓஹோ, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். கரையோரம் ஒரு மூலையில் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதிக்கிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், சிவப்பாக, ஒரே கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போயின. அந்தக் கூட்டத்துக்கு அடியில் ஒரு பெரிய நிழல் அசைந்தது. தாயோ தகப்பனோ, காவலுக்கு நிற்கிற விரால். நான் பார்த்ததிலேயே பெரிய விரால் அதுதான். தம்பி நரம்பைச் சுருட்டி, எறியப் போன தவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

பைத்தியக்காரன் என்று நினைத்தேன். எனக்குத் தடைக்காலம் எதற்கென்று தெரியாமல் இல்லை. குஞ்சு பொரிக்கிற மீனைத் தொடக் கூடாது என்றுதான் எங்களை இரண்டு மாதம் கரையில் உட்கார வைக்கிறார்கள். அது கடல் மீனுக்கு. ஏரி மீனுக்கும் சேர்த்து நான் விரதம் இருக்க முடியாது.

காது குத்துக்கு முந்தின நாள் காலையில் நான் மட்டும் போனேன். பாரிமுனையில் வாங்கின ரப்பர் தவளை பையில் இருந்தது. குச்சியும் சக்கரமும் எனக்கு எதற்கு? இருபது வருஷமாக வெறுங்கையால் தூண்டில் நரம்பு வீசினவன். தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் தவளை நான் சொன்ன இடத்தில் போய் விழும். சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில் போட்டேன். ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டாவது இழுப்புக்கு வேலையே இல்லை.

பசிக்கு இரை எடுக்கிற மீன் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். இது பசி இல்லை. அந்த விரால் தவளையைத் தின்ன வரவில்லை, கொல்ல வந்தது. குஞ்சுகளின் நடுவே புகுந்த எதையும் கிழித்துப்போடுகிற ஆத்திரத்தோடு பாய்ந்து கவ்வியது. நரம்பு என் விரலை அறுத்தது. முழங்கால் சேற்றில் நின்று, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இழுத்துக் கரையில் போட்டேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை என் கையை வைத்துப் பார்த்தேன். மீன் நீண்டது, கை போதவில்லை. அதன் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது மேலுதடு கிழிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

கடலுக்குப் போகிறவன் கையில் பட்டன் போன்தான் இருக்கும். படம் எடுக்க வழியில்லை. அதனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு தம்பிக்குப் போன் போட்டேன். “ஒன் ஏரியாண்டதான் நிக்கிறேன். வந்து பாத்துட்டுப் போ” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் வாங்கி வந்தேன் என்பான். அவனுடைய கரையிலேயே, அவனுடைய புல்லிலேயே அது கிடக்க வேண்டும். அவன் பார்க்க வேண்டும்.

காது குத்துக்காக அவன் லீவு போட்டிருந்தான்; வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். டீ குடிக்க வேண்டும் போல் இருந்தது. கரையில் பருந்து சுற்றியது. காசிமேட்டில் பருந்துக்கும் நாய்க்கும் மீனைப் பறிகொடுக்காமல் காப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. என் துண்டை மீன் மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். மேலிருந்து எவனும் தொட முடியாது. படகுத் தளத்தில் கொட்டிய மீன் எங்கே போகும்? கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு அடங்கும். விலாங்குகூட அடங்கிவிடும். நிம்மதியாக ரோட்டுக்கு ஏறிப்போய், இரண்டு டீ குடித்து, நான் மாமன் மாலையோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை மனதுக்குள் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

தம்பி பைக்கை நிறுத்தியதும் அவனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தேன். “தூக்கிப் பாரு” என்றேன். அவன் குனிந்து துண்டைத் தூக்கினான்.

கல்லெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. துண்டுக்கு அடியில் ஈரமான புல் மட்டும் இருந்தது. அங்கிருந்து ஒரு வழவழப்பான தடம், புல்லைச் சாய்த்துக்கொண்டு, மேட்டிலிருந்து சரிவில் இறங்கி நேராகத் தண்ணீருக்குப் போயிருந்தது. விரால் காற்றைக் குடித்துக்கொண்டு கரையில் கிடக்கும், ஈரமிருந்தால் ஊர்ந்தே போய்விடும் என்பது ஏரிப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வாளிக்கு ஏன் மூடி போட்டுக் கயிறு கட்டினான் என்று அப்போதுதான் உறைத்தது.

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்தால் ஓங்கி ஒரு அறை விடத் தயாராக இருந்தேன். அவன் சிரிக்கவில்லை. தடத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் ஓரம்வரை போனான். சிவப்புக் கூட்டம் அதே மூலையில் இருந்தது. சிறிது நேரத்தில் அதன் அடியிலிருந்து பெரிய தலை ஒன்று மூச்சு வாங்க மேலே வந்தது. மேலுதடு கிழிந்து தொங்கியது.

“குஞ்சு மேலயா போட்ட?” என்று கேட்டான். ஒரு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“ஆமா. இன்னா இப்போ?”

அவன் பைக்குக்குத் திரும்பி நடந்தான். பைக்கில் குச்சி இருந்தது, வெயிலும் இன்னும் முற்றவில்லை. ஆனால் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை தங்கை வீட்டுப் பந்தலில் நான் வெறுங்கையோடு நின்றேன். அவன் வாளியோடு வரப்போகிறான், நேற்று நடந்ததையும் சேர்த்துப் பந்தியில் சொல்லப்போகிறான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியும் வந்திருந்தார். என் மகளும் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். அவன் வந்தான். கையை வீசிக்கொண்டு வந்தான்.

“இன்னாடா, நீயும் சொம்மாதான் வந்தியா?” என்றாள் தங்கை. “ரெண்டு மாமனுங்களும் ஒரு மீனு கொண்டாரலியா? நல்லவேள, நா கோழி வாங்கி வெச்சேன்.”

தம்பி பந்தலின் நடுவுக்கு வந்தான். அதே குரல், அன்றைக்குப் பந்தியில் கேட்ட அதே குரல். “நா ஒண்ணும் புடிக்கல. அண்ணன்தான் புட்சாரு. இம்மாம் பெரிசு. எங்க ஏரியில அத்தினி பெரிச நானே பாத்ததில்ல. குஞ்சுங்களோட இருந்திச்சி. பாவம்னு தண்ணியிலயே வுட்டுட்டாரு. எங்கண்ணன் மனசு யாருக்கும் வராது.”

 ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கடல்காரன் கை இரக்கம் பார்க்குமா என்று யாரோ வியந்தார்கள். சம்பந்தி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லை, நான் விடவில்லை, அது ஓடிப்போனது, குஞ்சு மேல்தான் போட்டேன் என்று அந்தக் கூட்டத்தில் நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். தங்கை மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது புதிதாக வந்தால் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுகிறேன். கடைசிப் பந்திக்கும் கருவாட்டுக்கும் வலை மூட்டைக்கும் சேர்த்து அவன் கொடுத்தது அது. அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை மிரண்டு என் சட்டையை இறுகப் பற்றியது, நான் ஆசைப்பட்ட மாதிரியே. தலை ஆடாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் ஆசாரி. தம்பி வந்து குனிந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கம்பி இறங்கியதும் குழந்தை வீறிட்டு, கைக்குக் கிடைத்த என் விரலைக் கவ்விக் கடித்தது. நரம்பு அறுத்த அதே விரல். விடவே இல்லை.

தம்பியின் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

“அடுத்த தபா மூடி போட்டுக் கட்டுண்ணா.”

அங்கேயே ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். மடியில் குழந்தை இருந்தது.